வெயிலில் ஒரு வாடா

புனேயில் என்னை உரிமையோடு 'வாடா' என்று கூப்பிட ஒரு தமிழர் கிடைத்துவிட்டார் என்றுதான் முதலில் நம்பினேன்.

மாற்றலாகி மகர்பட்டாவுக்கு வந்த புதிது. மனைவி தன் வேலையை விட முடியாமல் மதுரையிலேயே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வாயைத் திறப்பது கொட்டாவி விட மட்டும்தான். பேச்சுத்துணை கிடைக்குமே என்று ஆன்லைனில் ஒரு ரத்தக்காட்டேரி கேம் ஆடத் தொடங்கினேன். அதில் நாமேதான் காட்டேரி. இரவில் வேட்டையாடி, மாளிகை கட்டி, விடிவதற்குள் உள்ளே பதுங்கிவிட வேண்டும். வெயில் பட்டால் சாம்பல்.

அன்று மரம் வெட்டும் மும்முரத்தில் நேரத்தைக் கவனிக்கவில்லை. திரையில் கிழக்கு வெளுத்தது. பயத்தில் என் சொந்தக் கால்களை நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டேன், வெயில் என்னமோ தரைவழியாக வரும் என்பதுபோல. அப்போதுதான் ஹெட்போனில் எதிரே மாளிகை கட்டியிருந்த இன்னொரு ஆட்டக்காரரின் குரல் கேட்டது.

"வாடா! வாடா!"

கண் கலங்கிவிட்டது. பக்கத்திலேயே இருந்த என் மாளிகையை விட்டுவிட்டு, வெட்டவெளியில் அவர் வாசலை நோக்கி ஓடினேன்.

"இதோ வந்துட்டேண்ணே! உங்களுக்கு எந்த ஊருண்ணே?"

"காய்?" என்றார்.

சாப்பாட்டைக்கூட விசாரிக்கிறாரே!

"காய் ஒண்ணும் பண்ணலண்ணே, வெறும் ரசந்தான்!"

"அரே பாபா, வாடா! கர் ஜாவ், கர்!"

அவர் தமிழர் இல்லை. மராத்தியில் வாடா என்றால் மாளிகை. காய் என்றால் 'என்ன?'. வெயில் வருகிறது, உன் வீட்டுக்குப் போ என்று அவர் மராத்தியும் இந்தியும் கலந்து கத்தியிருக்கிறார். நான் அவர் வாசலுக்குப் போகும் வழியிலேயே எரிந்து சாம்பலானேன்.