மலை ஏற்றிப் பார்த்த கார்

மேட்டுப்பாளையத்தில் வீடு, சரவணம்பட்டியில் வேலை. இரண்டு பஸ் மாறி நான் வந்து சேர்வதற்குள் பல நாள் மகள் தூங்கிப்போயிருப்பாள். வேலையை விட மனமில்லை. அவள் வளர்வதைப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. அதனால்தான் பழைய எலக்ட்ரிக் கார் ஒன்று வாங்க முடிவு செய்தோம். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: ஒரு சார்ஜில் போய்த் திரும்பிவிட வேண்டும். ஆபீஸில் சார்ஜ் போட இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு.

காங்கேயத்தில் ஓர் எண்ணெய் மில்காரர் தன் காரை விற்கிறார் என்று கேள்விப்பட்டு ஞாயிற்றுக்கிழமை போனோம். வண்டியைப் பார்க்கும்வரை அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது என்று கிளம்பும்போதே கணவரிடம் சொல்லியிருந்தேன். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டால் அப்புறம் அவர்கள் பொருளைக் குறை சொல்ல வாய் வராது. சரி சரி என்று தலையாட்டியவர், அங்கே இலை போட்டதும் முதல் ஆளாக உட்கார்ந்துவிட்டார். நாட்டுக்கோழிக் குழம்பு. நானும் மனுஷிதானே, உட்கார்ந்தேன்.

வண்டி பளபளவென்றுதான் இருந்தது. என் கணவர் டயரைக் காலால் தட்டினார். பிறகு இன்ஜினே இல்லாத வண்டியின் பானெட்டைத் திறந்து, காது கொடுத்துக் கேட்டு, சத்தம் சுத்தமாக இருக்கிறது என்றார். பேட்டரியை சர்வீஸ் சென்டரில் சோதித்துப் பார்க்கலாமா என்று நான் ஆரம்பித்ததும் என் காலை மிதித்தார். சோறு போட்டவரைச் சந்தேகப்படக் கூடாதாம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனாலும் கோழிக் குழம்பு என் வாயையும் கட்டித்தான் போட்டிருந்தது.

சட்டென்று ஒரு யோசனை வந்தது. “ஏனுங்க, எங்கூட்டுல எது வாங்குனாலும் சாமிகிட்டப் பூக் கேக்காம வாங்கறதில்லீங்க. இந்த வண்டியிலயே மலைக்கோயிலுக்குப் போயிட்டு வந்தரலாமுங்களா?”

சாமி காரியத்துக்கு யார் மறுப்பார்கள்? மில்காரரும் அவர் மனைவியும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். நான்கு பேர், ஏசி, செங்குத்தான மலைப்பாதை. இதைவிட நல்ல சோதனை எந்த சர்வீஸ் சென்டரில் கிடைக்கும்? நான்தான் ஓட்டினேன். நல்ல பேட்டரி என்றால் ஏற்றத்தில் சார்ஜ் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய வேண்டும். இது இரண்டாவது வளைவில் எழுபதிலிருந்து ஐம்பத்தைந்துக்கு ஒரே தாவாகத் தாவியது. பக்கத்தில் இவர் குரங்குகளை எண்ணிக்கொண்டு வந்தார்.

கோயிலில் பூசாரி சாமியின் மேல் பூவை வைத்துக் கும்பிடச் சொன்னார். வலப்பக்கம் விழுந்தால் உத்தரவு, இடப்பக்கம் விழுந்தால் இல்லை. கண்ணை மூடித் திறப்பதற்குள் வலப்பக்கம் விழுந்துவிட்டது. இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, வண்டியை வாங்கியே விட்ட மாதிரி.

“உத்தரவு கெடச்சிருச்சு அம்மணி. இன்னும் என்ன?”

மகள் முகம் நினைவுக்கு வந்தது. பாதி வழியில் வண்டி நின்றுபோனால் அவளுக்கு நான் பஸ்ஸில் வந்ததும் ஒன்றுதான், காரில் வந்ததும் ஒன்றுதான்.

“சாமி வண்டிக்கு உத்தரவு குடுத்துருச்சுங்க. பேட்டரியப் பத்தி நான் கேக்கவே இல்லீங்களே” என்றேன்.

இவர் மலையைப் பார்க்கத் தொடங்கினார். சார்ஜ் தாவியதை மில்காரரும் பார்த்திருக்கிறார். வீட்டுக்கும் மில்லுக்கும் மட்டுமே ஓட்டியதால் இதுவரை கண்ணில் படவில்லையாம்.

“சோத்தப் போட்டு ஏமாத்திப்போட்டான்னு நாளைக்குப் பேரு வரக் கூடாதுங்க. சரி பண்ணிப்போட்டே குடுக்கறனுங்க” என்றார்.

சோதித்ததில் பேட்டரியின் ஒரு பகுதி பலவீனம் என்று தெரிந்தது. நல்லவேளை, வாரண்டி முடியவில்லை. கம்பெனியே மாற்றிக் கொடுத்தது. அந்த வாரண்டி எங்கள் பேருக்கு மாறுமா, சார்ஜர் கூடவே வருமா என்று கேட்டுக்கொண்டு மறுபடியும் மலை ஏறினோம். எண்கள் நிதானமாகக் குறைந்தன. இறங்கும்போது, சக்கரம் உருளும் வேகத்திலேயே சார்ஜ் ஆகி, கொஞ்சம் ஏறவும் செய்தன. இந்த முறை மலை முதலில், சோறு பிறகு.

காரில் வேலைக்குப் போன முதல் நாள் வீடு திரும்பியபோது சார்ஜ் நிறையவே மிச்சமிருந்தது. வெயிலும் மிச்சமிருந்தது. வாசலில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த மகள் காலை ஊன்றி நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏம்மா, இன்னிக்கு வேலைக்குப் போகலியா?”

“போயிட்டு வந்துட்டேன் கண்ணு” என்றேன்.