பன்னிரண்டாவது மூட்டை

நான் கண்டுபிடித்த சிப்புக்கு ஒரே ஒரு பெருமைதான். அதன் ரகசிய எண் அதற்குள்ளேயே பிறக்கும். நகல் எங்கும் கிடையாது. காப்பி மூட்டையின் வாயில் வைத்துத் தைத்துவிட்டால், நூலை அறுத்த கணமே எண் அழிந்துபோகும். அதன் பிறகு அது யார் தோட்டத்துக் காப்பி என்று பிளாக்செயினில், அதாவது யாராலும் திருத்த முடியாத அந்தப் பதிவேட்டில், நிரூபிக்க முடியாது. இதற்குத்தான் காப்புரிமை கேட்டிருந்தேன்.

சோதித்துப் பார்க்க ஏற்காட்டுப் பக்கம் மாரமங்கலத்தில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு அக்காவைப் பிடித்தேன். பாவம், என்னை நம்பினார். அவருடைய அந்த வருஷத்துக் காப்பி மொத்தமும் பன்னிரண்டு மூட்டை. வெளிநாட்டுக்காரர் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டிருந்தார். சிப் பச்சை காட்டினால்தான் எடுப்பார். மூட்டையைப் பிரிக்கவே கூடாது என்று பத்துத் தடவை சொல்லியிருந்தேன்.

லாரி வந்த காலையில், வாங்குகிறவரின் ஆள் ஒவ்வொரு மூட்டையாகச் செல்போனைக் காட்டினார். பன்னிரண்டும் சிவப்பு.

“சாமிக்கு மூட்டைக்கு ஒரு பிடி எடுத்து வெச்சேனுங்க. அது பிரிச்சதுல சேருங்களா?” என்றார் அக்கா.

சரக்கு மலையிறங்கும் முன் மலைச்சாமி சேர்வராயனுக்கு முதல் பிடி எடுப்பது அவர் வீட்டு வழக்கம். எடுத்த பிறகு நூலை அழகாகத் திரும்பத் தைத்தும் வைத்திருந்தார்.

வேறு வழி உண்டா என்று அந்த ஆள் என்னைக் கேட்டார். உண்டு. சோதனைதானே என்று பன்னிரண்டு எண்களையும் என் லேப்டாப்பில் நகலெடுத்து வைத்திருந்தேன். அவற்றைத் திரும்ப ஏற்றினால் பச்சை காட்டும், பத்து நிமிஷ வேலை. ஆனால் நகல் இருப்பது வெளியே தெரிந்தால் என் காப்புரிமை குப்பைக்குப் போகும்.

“என்னாலயே முடியாதுங்க அக்கா,” என்று அக்கா பக்கம் திரும்பிச் சொன்னேன்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். அன்றைக்குப் பூசாரி நான். வெட்கமாக இல்லை, சிப் வேலை செய்ததில் சந்தோஷமாகக்கூட இருந்தது. லாரி காலியாக இறங்கியது. அக்கா உள்ளூர் வியாபாரி கேட்ட விலைக்கே தள்ளிவிட்டார்.

விண்ணப்பத்தில் அந்தப் பன்னிரண்டு சிவப்பையும் சான்றாகச் சேர்த்தேன். காப்புரிமை கிடைத்தது.

பிறகு ஒருநாள் ஏற்காடு கடைவீதியில் அக்கா எதிரே வந்துவிட்டார். ஒளிய இடமில்லை. கேட்டது கிடைத்ததா என்று அவரேதான் விசாரித்தார். தலையாட்டினேன்.

“கிடைக்குமுன்னு தெரியுமுங்க. பன்னெண்டாவது மூட்டைல எடுத்த பிடிய உங்க பேரச் சொல்லித்தானுங்க சாமிக்குப் போட்டேன்.”

பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார். நான் வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் இருந்த பன்னிரண்டு எண்களையும் அழித்தேன். இப்போது என் விண்ணப்பத்தில் பொய் எதுவும் இல்லை.