அவர் கையால் வாங்கிய மாத்திரை

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாத்திரை டப்பாவை நிரப்புவது அவர் வேலை. ஏழு கட்டம் உள்ள பிளாஸ்டிக் டப்பா. பம்ப் மோட்டார் ரிப்பேர் செய்கிற கையைத் துணியில் இரண்டு முறை துடைத்துவிட்டு, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, கட்டத்துக்கு ஒன்றாகப் போட்டு மூடுவார். தினமும் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அன்றைய கட்டத்தைத் திறந்து மனைவியின் உள்ளங்கையில் வைப்பார். அவள் குனிந்துகூடப் பார்க்க மாட்டாள். வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிடுவாள்.

பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள் அவள். ரெடிமேட் சட்டைக் கம்பெனியில் செக்கிங் மேஜை. டியூப்லைட்டுக்குக் கீழே நாளைக்கு அறுநூறு சட்டை. ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும் விரல் அந்த இடத்தில் நின்றுவிடும். பக்கத்து மேஜைக்காரி வைத்த பெயர் பூதக்கண்ணாடி. "இவளுக்கு மாப்பிள்ளை பாத்த அன்னைக்கு மட்டும் கரண்ட் போயிடுச்சு போல" என்று அவள் சீண்டினால், இவளும் சேர்ந்து சிரிப்பாள்.

போன வருடம் அந்தச் சிரிப்பு நின்றுபோயிருந்தது. இரண்டு மாதம் படுத்த படுக்கை. குளிக்கப் பிடிக்கவில்லை. குழம்புக்கு உப்புப் போட்டோமா என்று யோசித்தபடி அடுப்படியில் அரை மணி நேரம் நின்றிருக்கிறாள். சொந்தக்காரர்கள் கொழுப்பு என்றார்கள். "அவளுக்கு முடியலை. உங்களுக்கு என்ன போச்சு?" என்று அவர்கள் வாயை அடைத்து, மனநல டாக்டரிடம் கூட்டிப்போனவர் அவர்தான். மாத்திரையோடு டாக்டரம்மா வேறு சிலதும் சொல்லி அனுப்பினார். நேரத்துக்குத் தூங்க வேண்டும், ஒரு வேளைச் சாப்பாட்டையும் தள்ளக் கூடாது, கொஞ்ச தூரமாவது நடக்க வேண்டும், மனதில் இருப்பதை ஒரு ஆளிடமாவது சொல்ல வேண்டும். அவள் ஒரு ஸ்டாப் முன்னாலேயே பஸ்ஸைவிட்டு இறங்கி நடந்தாள். அந்த ஒரு ஆளாக அவரை வைத்துக்கொண்டாள். நாலாவது மாதம் மேஜைக்குத் திரும்பினாள்.

எட்டு மாதம் நன்றாகத்தான் போனது. பிறகு சொல்லாமல் கொள்ளாமல் பழையபடி ஆனது. முதலில் தலைசுற்றல், காரணமில்லாத எரிச்சல். பிறகு தூக்கம் போனது. தான்தான் எதிலோ குறை வைக்கிறோம் என்று நினைத்து இரண்டு ஸ்டாப் முன்னால் இறங்க ஆரம்பித்தாள். பசிக்காவிட்டாலும் தட்டின் முன் உட்கார்ந்தாள். ஒரு திங்கட்கிழமை, பட்டன் துளையே போடாத நாற்பது சட்டை அவள் கையைத் தாண்டிப் போய்விட்டது. சூப்பர்வைசர் திட்டவில்லை. "கொஞ்ச நாள் நூல் வெட்டும்மா. மாசக் கடைசி வரைக்கும் உன் மேஜைக்கு ஆள் போடாம பாத்துக்கறேன்" என்றார். மேஜை போவதைவிட அவளுக்குப் பெரிய பயம், மறுபடி அந்தப் படுக்கைதான்.

கணவரின் வேலை கெட வேண்டாம் என்று, அவரிடம் சொல்லாமலே அரை நாள் லீவு போட்டுவிட்டு டாக்டரிடம் போனாள். சாப்பிடுகிற மாத்திரையைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அட்டையை அவர் எங்கே வைப்பார் என்றுகூட அவளுக்குத் தெரியாது. டப்பாவையே பையில் போட்டுக்கொண்டாள்.

டாக்டரம்மா ஒரு கட்டத்தைத் திறந்து மாத்திரையைத் திருப்பிப் பார்த்தார்.

"இது வைட்டமின்மா. நான் எழுதிக் குடுத்ததுல நடுவுல ஒரு கோடு இருக்கும்."

அவள் வாங்கிப் பார்த்தாள். அதே வெள்ளை, அதே அளவு. கோடு இல்லை.

"டப்பாவை யாரும்மா நிரப்புறது?"

அவள் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள். டாக்டரம்மா திருப்பிக் கேட்கவில்லை. "திடீர்னு நின்னதால வந்தது. உங்க தப்பு ஒண்ணும் இல்லை. திரும்ப ஆரம்பிக்கலாம், ஆனா மருந்து கேக்கறதுக்குச் சில வாரம் ஆகும்" என்றார்.

மாதக் கடைசிக்கு ஒன்பது நாள் இருந்தது.

பஸ்ஸில் இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தாள். விரல் பழக்கத்தில் அவர் எண்ணுக்கே போனது. போனைப் பைக்குள் போட்டாள். அன்று ஒரு ஸ்டாப்கூட நடக்கவில்லை.

வீட்டில் அவர் அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருந்தார். கேட்டதும் மறைக்கவில்லை.

"ஏழு வாரம் இருக்கும். இன்னும் ஒரு வருஷம் சாப்பிடணும்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல, எனக்குத் திக்குனு ஆயிடுச்சு. நீ நல்லாத்தானே இருந்தே. மோட்டார் ஓட ஆரம்பிச்சப்புறம் எதுக்கு ஸ்டார்ட்டர்லயே கைய வச்சுக்கிட்டு நிக்கணும்னு தோணுச்சு."

"நான் உங்களுக்கு மோட்டாரா?"

"பேச்சுக்குச் சொன்னேன்மா. போன்லயும் பாத்தேன், பழக்கமாயிடும்னு போட்டிருந்தான்."

"அந்தப் போன்காரன்கிட்ட கேட்டீங்க. எங்கிட்டக் கேக்கலை."

"சொன்னா நீ பயத்துலயே படுத்துடுவே. கொஞ்ச நாள் போகட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். எல்லாம் உன் நல்லதுக்குத்தான்."

"என் மேஜை போகப்போகுது."

"போனா போகுது, விடு. வேற வேலையா கிடைக்காது?"

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"போன வாரம் பாத்ரூமைச் சாத்திக்கிட்டு அழுதேன். நீங்க கதவுக்கு வெளியே நின்னீங்க. 'இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணும்மா, நீ மனசு வச்சா முடியும்'னு சொன்னீங்க. நானும் உள்ளேருந்து சரி சரின்னு சொன்னேன். அப்ப உங்களுக்குத் தெரியும்தானே?"

அவர் தண்ணீர்ச் செம்பை மேஜையின் ஓரத்துக்கு நகர்த்தினார். பிறகு பழைய இடத்துக்கே இழுத்தார். அவள் அந்தக் கையையே பார்த்தாள். பிறகு நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு அறையைவிட்டு வெளியே போனாள்.