அட்சதை போடும் நேரம்

ஈஜிபுராவில் ஒரு சின்னக் கல்யாண மண்டபம். என்னோடு வேலை பார்த்த பெண்ணின் கல்யாணத்துக்குச் சேலத்திலிருந்து வந்திருக்கிறேன். அவள் தமிழ், மாப்பிள்ளை கன்னடம். சாதியும் வேறு. மாப்பிள்ளை வீட்டு நாற்காலிகள் காலியாகவே கிடக்கின்றன.

ஹோமமும் இல்லை, மேளமும் இல்லை. அரசியலமைப்பின் முகவுரையை அவன் கன்னடத்திலும் அவள் தமிழிலும் வரிவரியாக வாசிக்கிறார்கள். எல்லார் கையிலும் அட்சதை வியர்க்கிறது.

பக்கத்தில் மணமகளின் அத்தை. "கெட்டிமேளம் இல்லாம எப்போங்க போடறது?" என்கிறேன்.

"எனக்கும் தெரியல. ஸ்வல்ப நேரம் இருங்க, வாசிக்கறதக் கேப்போம்."

நீதி வருகிறது, சுதந்திரம் வருகிறது. "சமத்துவம்" என்று அவள் வாசித்ததும் அத்தை அந்தக் காலி நாற்காலிகளைப் பார்க்கிறார்.

"இப்பப் போடுங்க எல்லாரும்!" என்று எழுந்து, முதல் பிடியை வீசுகிறார்.