கடைசியாக எங்கே இருந்த பெட்டி

முப்பிடாதியின் வண்டி சாவு வீட்டு வாசலில் போய் நின்றதும், அழுகைக்கு நடுவிலிருந்து யாராவது ஒரு பெரிய மனிதர் எழுந்து வருவார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வண்டிக்குள் இருக்கும் குளிர்பெட்டியை எட்டிப் பார்ப்பார். நன்றாகக் குளிருமா, கரண்ட் போனால் என்ன வழி என்றெல்லாம் கேட்கமாட்டார். அவர் கேட்பது ஒன்றுதான்.

"கடைசியா இது எங்கன கெடந்துச்சு?"

"ஆஸ்பத்திரியில, அண்ணாச்சி" என்பாள் முப்பிடாதி. மனிதர் திருப்தியாகித் தலையாட்டுவார். ஆஸ்பத்திரியில் யார் யாரெல்லாம் சாகிறார்கள் என்று யோசிக்க அவருக்குப் பொழுது கிடையாது.

இந்தப் பதிலைச் சொல்லிக்கொடுத்தவன் அவள் புருஷன் சுப்பு. செங்கோட்டை ரோட்டில் தகர ஷெட் போட்டு, பந்தல், நாற்காலி, பாடைக்கு மூங்கில், சங்கு ஊத ஆள், குற்றாலத்து ஆற்றங்கரையில் கருமாதி என்று எல்லாமே ஒரு போனில் வந்து சேரும்படி செய்தவன். குளிர்பெட்டி இரண்டு வாங்கினான். ஒரே கம்பெனி, ஒரே லாரியில் வந்து இறங்கின. இறங்கிய அன்றே ஒன்று தெருப் பெட்டியாகவும் மற்றது காலனிப் பெட்டியாகவும் ஆகிவிட்டன. இரண்டும் மாறிப் போனால் பிழைப்பு போய்விடும் என்பான் சுப்பு. பெட்டிக்குள் கிடப்பவருக்கு அந்தக் கவலை ஏது? சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் செத்த பிறகும் சாதி வேண்டியிருந்தது. சுப்பு மாரடைப்பில் போனான். ஷெட்டும் பெட்டிகளும் அந்தப் பொய்யும் முப்பிடாதியிடம் வந்தன.

ஐம்பதைத் தாண்டிய உடம்பு. முழங்கால் இரண்டும் வண்டியில் ஏறவும் மறுத்தன, இறங்கவும் மறுத்தன. அடுத்தவர் அழுவதைத் தினமும் பார்த்துப் பார்த்து அவளுக்குச் சொந்தமாக அழ ஒன்றும் மிச்சமில்லை.

இன்னொரு பொய்யும் அவளிடம் இருந்தது. காலனிப் பெட்டி பழுதாகிக் கிடக்கும்போது காலனியிலிருந்து போன் வந்தால், பெட்டி வாடகைக்குப் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். போன தை மாதம் ஒரு கொத்தனார் வீட்டுக்கு அப்படித்தான் சொன்னாள். அவர்கள் காத்திருக்க முடியாமல் அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். மறுநாள் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிய மகன் ஷெட்டுக்கு வந்தான். பந்தல் போட்ட ஆட்கள் யாராவது அப்பா முகத்தை செல்போனில் எடுத்திருக்கிறார்களா என்று கேட்டான். அவள் முதுகுக்குப் பின்னால் தார்ப்பாய் மூடித் தெருப் பெட்டி சும்மா நின்றுகொண்டிருந்தது.

ஆனியில் சாரல் தொடங்கிய நேரம் காலனிப் பெட்டி மறுபடியும் கேஸ் கசிந்து நின்றது. மெக்கானிக் வருவதாகச் சொன்ன நாளெல்லாம் வராமல் இருந்தபோது, வடகரை காலனியிலிருந்து இசக்கிமணி என்பவர் கூப்பிட்டார். சத்துணவுக் கூடத்தில் சமைத்துக்கொண்டிருந்த அவர் தங்கை ஆனந்தவள்ளி இறந்துவிட்டாள். அவள் மகள் நிவேதா குவைத்தில் நர்ஸ். நாளை மறுநாள்தான் வந்து சேர முடியும். பெட்டி கிடைக்குமா?

வாடகைக்குப் போயிருக்கு என்ற சொல் முப்பிடாதியின் நாக்கு நுனி வரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

"வருது அண்ணாச்சி. வாசல்ல கரண்ட் பிளக் மட்டும் பாத்து வைங்க" என்றாள்.

டிரைவர் பாரூக் தார்ப்பாயை விலக்காமல் நின்றான். பத்து வருஷமாக இருப்பவன், அவளைவிடப் பயந்தவன். "யக்கா, இது தெருப் பெட்டி."

"செத்தவளுக்குத் தெரியவா போவுது? ஏத்து."

நிவேதா வந்து, கண்ணாடிக்கு மேலேயே விழுந்து அம்மாவைப் பார்த்தாள். அதன் பிறகே எடுத்தார்கள். முப்பிடாதி பெட்டியை எப்போதும்போல பினாயில் போட்டுக் கழுவி ஷெட்டில் சேர்த்தாள்.

மறுநாள் காலையில் தென்காசி மேலத்தெருவிலிருந்து போன். ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர் பரமசிவன் காலமாகிவிட்டார். மூத்த மகன் கணேசமூர்த்தி சென்னையில் வங்கி அதிகாரி. லீவில் வந்த இடத்தில் இது நடந்திருக்கிறது. தம்பி டெல்லியிலிருந்து வரவேண்டும். வண்டி வாசலில் நின்றதும் துண்டை உதறிக்கொண்டு எழுந்து வந்தவர் செத்தவரின் அண்ணன். பெரியப்பா கேட்கப்போவது என்னவென்று தெரிந்த கணேசமூர்த்தி, முந்திக்கொண்டு முப்பிடாதியைத் தனியே கூப்பிட்டான். பந்தல் போட வந்த ஆட்கள் பேசிக்கொண்டதில் வடகரை விஷயம் அவன் காதுக்கு வந்திருந்தது. தனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்றான். பெரியவர்களுக்காக, வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிவிடுங்கள், நான் சமாளித்துக்கொள்கிறேன் என்றான்.

"நம்பிக்கை இல்லன்னா நீங்களே சொல்லுங்களேன் தம்பி. எனக்கு அலுத்துட்டு."

அவன் பந்தல் பக்கம் ஒதுங்கிக்கொண்டான். பெரியவர் வந்தார், கேட்டார்.

"வடகரையில. காலனியில ஒரு சத்துணவு ஆயாம்மா கெடந்தா" என்றாள் முப்பிடாதி.

யாரும் சத்தம் போடவில்லை. பெரியவர் துண்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். "ஒம் புருஷன் இருந்தா இப்படி நடந்திருக்குமாட்டி?" என்று மட்டும் கேட்டார்.

"நடந்திருக்காதுதான்."

புனலூரில் தெரிந்த ஒருவருக்குப் போன் போட்டுக் கேரளத்துப் பெட்டிக்குச் சொன்னார்கள். அது வரும்வரை ஐஸ் வேண்டும் என்று ஆள் ஓடியது. சந்தையில் மீன் கடை தவிர வேறு எங்கும் ஐஸ் கட்டி இல்லை. நெத்திலியும் சாளையும் கிடந்த பெட்டியிலிருந்து அள்ளிக்கொண்டு வந்ததைப் பரமசிவனைச் சுற்றி அடுக்கினார்கள். அது எங்கே கிடந்த ஐஸ் என்று மேலத்தெருவில் ஒருவரும் கேட்கவில்லை.

அவளும் பாரூக்கும் பெட்டியோடு ஷெட்டுக்குத் திரும்பினார்கள். மத்தியானம் கணேசமூர்த்தி கூப்பிட்டான். கேரளத்து வண்டி புளியறை செக்போஸ்ட்டில் லாரி வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டதாம். ஐஸ் கரைந்து கூடமெல்லாம் ஈரம். பின்வாசல் வழியாக, பெரியப்பாவுக்குத் தெரியாமல், கொண்டுவர முடியுமா என்று கேட்டான்.

"முன்வாசல் வழியா வாரேன் தம்பி. கேட்டா அதையேதான் சொல்லுவேன்."

அந்தப் பக்கம் பெண்கள் அழுவது கேட்டது. "பெரியப்பாட்ட பேசிட்டுச் சொல்லுதேன்" என்று வைத்தான்.

பாரூக் வண்டியைத் திருப்பி, ரோட்டைப் பார்க்க நிறுத்தினான். இருவரும் டீ வாங்கிக் குடித்தார்கள். சாரல் அடித்தது, வெறித்தது, மறுபடி அடித்தது. முப்பிடாதி போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் பேசிவிடுவான் என்று தன்னை அறியாமல் நம்பியிருந்தாள் போலும்; செங்கோட்டைப் பக்கமிருந்து கேரளத்து வண்டி தண்ணீரை வாரியடித்துக்கொண்டு தென்காசிக்குப் போனபோதுதான் அது அவளுக்கே தெரிந்தது.

"இனி மேலத்தெரு நமக்கு இல்லக்கா" என்றான் பாரூக்.

"தெரியும்லே. வண்டிச் சாவியை எடு."

உள்ளே போய், அடுக்கி வைத்த நாற்காலிகளுக்குப் பக்கத்தில் பந்தல் துணியை விரித்துக் காலை நீட்டினாள். அடுத்த மாதத்தை எப்படி ஓட்டுவது என்று யோசிக்கத்தான் நினைத்தாள். யோசிப்பதற்குள் தூங்கிப்போனாள்.