நல்ல நேரமும் பற்றரிக் கம்பியும்

எங்கள் கராச்சுக்குப் பெயர்ப்பலகை இருக்கிறது. அதை யாரும் வாசிப்பதில்லை. கோப்பாய்ச் சந்தியில் நின்று, மண் கிண்டுகிற பெக்கோ, உழவு இயந்திரம், தண்ணி பவுசர் இதுகளின் டீசல் இஞ்சின் திருத்துகிற இடம் எது என்று கேட்டால், "பயந்தாங்கொள்ளியிட்டையோ? நேர போய்க் கோயிலடியிலை திரும்புங்கோ" என்பார்கள். பெயரை வைத்தவன் வேறு ஆளில்லை. என் மனைவியின் தம்பி, அதே கராச்சில் என்னோடு வேலை செய்கிற மச்சான்தான். சொந்தக்காரன் வைத்த பெயர் சுடலை மட்டும் கூட வரும் என்று ஒரு சொல் உண்டு. இல்லாவிட்டால் இருக்கட்டும், இனிமேல் இருக்கும்.

நான் செய்கிற பயந்தாங்கொள்ளித்தனம் இவ்வளவுதான். பெக்கோ வந்து நின்றதும் மண் அள்ளுகிற வாளியை நிலத்தில் இறக்கச் சொல்லுவேன். அந்தரத்தில் நிற்கிற வாளிக்குக் கீழே போகமாட்டேன். ஒயில் குழாய் ஒன்று வெடித்தால், அது கீழே வந்து சேருகிற நேரத்துக்குள் 'முருகா' என்பதில் 'மு' மட்டும்தான் சொல்லலாம். சில்லு உருளாமல் மரக்கட்டை கொடுப்பேன். ரேடியேற்றர் மூடியில் உள்ளங்கையை வைத்து ஒரு தேவாரம் ஆறுதலாகப் பாடி முடிக்க முடிந்தால்தான் மூடியைத் திறப்பேன். எல்லாத்துக்கும் மேலாக, இஞ்சினுக்குள் கை வைக்கிறதானால் முதலில் பற்றரியின் கறுப்புக் கம்பியைக் கழற்றிவிடுவேன்.

மச்சானுக்கு இந்தக் கம்பிதான் பெரிய பகிடி.

"திறப்புத்தான் உங்கடை பொக்கற்றுக்குள்ளை கிடக்கே அத்தான். பேந்தென்னத்துக்குக் கம்பி?"

"உந்தக் கொம்பனிப் பெக்கோ எல்லாத்துக்கும் ஒரே திறப்புத்தானேடாப்பா."

"அரண்டவன் கண்ணுக்கு..." என்று தொடங்கிவிட்டு மிச்சத்தைச் சொல்லாமல் விடுவான். பழமொழியைப் பாதியில் விட்டுக் குத்துகிறதில் அவன் வலு கெட்டிக்காரன்.

ஆனால் நான் சொன்னது உண்மை. புதிதாக வாங்குகிறவர் தன் திறப்பு தனக்கு மட்டும் என்று நினைத்து, அதைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டு எடுப்பார். அதே திறப்பு அடுத்த ஊர்க்காரனின் பெக்கோவையும் ஸ்ராட் பண்ணும். வலிகாமத்தில் அந்த ஒரு திறப்பு எத்தனை பேரின் இடுப்பில் தொங்குகிறது என்பது வைரவருக்குத்தான் வெளிச்சம்.

மச்சானைக் குறை சொல்லவில்லை. அவனுடைய வலக்கை அருமையான கை. கண் எட்டாத இடத்துக்குள் போய், நட்டின் அளவைத் தொட்டே சொல்லும். ஞாயிறு பின்னேரங்களில் சீட்டுக்கட்டோடு முன்னூற்றிநாலு விளையாடும்போது துரும்புச் சீட்டைத் தூக்கி மேசை அதிர அடிக்கிறதும் அதே கைதான். அந்தக் கை தன்னுடையது என்ற நினைப்பே அவனுக்கு இல்லை. கடையில் வாங்கின சாமான் மாதிரி, போனால் இன்னொன்று எடுக்கலாம் என்ற எண்ணத்தோடு எங்கும் நுழைப்பான்.

இப்படி இருக்கும்போதுதான் கனடா அண்ணை வந்தார்.

அவர் அங்கே ஒரு தொழிற்சாலையில் கனகாலம் வேலை செய்து, பென்சன் எடுத்து, ஊரில் வந்து குடியேறினவர். சும்மா இருக்கப் பிடிக்காமல் பழைய பெக்கோ ஒன்றை வாங்கி வாடகைக்கு விட்டார். சும்மா கிடந்த சங்கை ஊதின ஆண்டி என்று மச்சான் சொன்னான். எங்களிடம் வந்தபோது பெக்கோ ஆவி விட்டுக்கொண்டு நின்றது. இறங்கின கையோடு அண்ணை தோளில் கிடந்த சால்வையைச் சுருட்டி ரேடியேற்றர் மூடியில் வைத்தார். நான் ஓடிப்போய் கையைப் பிடித்தேன்.

"கொஞ்சம் ஆறட்டும் அண்ணை."

"தம்பி, எனக்கு வேலை கிடக்கு."

"ஆக்கப் பொறுத்தனீங்கள், ஆறப் பொறுங்கோ. உந்தத் தண்ணி முகத்தில அடிச்சால் பேந்து தெல்லிப்பழை ஆசுப்பத்திரியிலைதான் உங்களுக்கு வேலை."

பொறுத்தார். பிளேன்ரீ குடித்தார். பொறுத்த நேரத்தில் கனடாவைப் பற்றிச் சொன்னார். அங்கே ஒரு மெசினைத் திருத்துவதென்றால், உள்ளே கை வைக்கிற ஒவ்வொருவனும் கரண்ட் வருகிற இடத்தில் தன்தன் ஆமைப்பூட்டைப் போட்டுப் பூட்டுவானாம். ஐந்து பேர் வேலை செய்தால் ஐந்து பூட்டு. கடைசி ஆள் தன் பூட்டைக் கழற்றும் மட்டும் பெரிய முதலாளி வந்தாலும் மெசின் அசையாதாம். "திறப்பு பூட்டினவன்ரை பொக்கற்றிலைதான். வேற ஒருத்தனும் தொடேலாது. அதுதான் தம்பி ஒழுங்கு" என்றார். இவர் ஒருநாள் இரும்புமூக்குச் சப்பாத்து போடாமல் போனதற்கு வாசலிலேயே திருப்பி அனுப்பினார்களாம். ஒழுங்கைப் பற்றி இவ்வளவும் சொன்னபோது, காலில் ஒரு பக்கம் வார் அறுந்த செருப்பு. போன நிமிடம்தான் கொதிக்கிற ரேடியேற்றரைத் திறக்கப் பார்த்தவர். சிலபேர் ஒழுங்கைப் பிளேனிலேயே விட்டுவிட்டு இறங்குகிறார்கள்.

மூடி ஆறித் திறந்து பார்த்தால் உள்ளே கிணற்றுத் தண்ணீர். எங்கள் மண்ணின் தண்ணீரில் எவ்வளவு சுண்ணாம்பு இருக்கிறது என்று எந்த வீட்டுக் கேத்திலைக் கவிழ்த்தாலும் தெரியும். அதே சுண்ணாம்புப் படை ரேடியேற்றரின் குழாயெல்லாம் பிடித்து, இஞ்சின் வெந்து போயிருந்தது. "எங்கடை கிணறு நல்ல தண்ணியெல்லோ" என்றார் அண்ணை, மனம் நொந்து. குடிக்கிற எங்களுக்கு நல்ல தண்ணிதான் அண்ணை, இஞ்சினுக்குப் பல்லில்லை, வெற்றிலை போடாது, சுண்ணாம்பு எதற்கு என்றேன். அவர் சிரிக்கவில்லை.

இஞ்சினை இறக்கிப் பிரித்து, எல்லாம் மாற்றிப் பூட்டி முடித்தோம். இனி ஓடவிட்டுப் பார்க்க வேண்டியதுதான். அங்கேதான் அண்ணை ஒரு குண்டைப் போட்டார்.

"நான் வந்துதான் முதல் ஸ்ராட். வெள்ளிக்கிழமை காலமை நல்ல நேரம் பார்த்திருக்கிறன். அதுக்கு முதல் ஒருத்தரும் திறப்பைத் தொடக்கூடாது. பிள்ளையளும் கனடாவில இருந்து பாக்குங்கள்."

பூட்டின இஞ்சினை ஒருதரம் ஓடவிடாமல் சபையில் வைத்து ஸ்ராட் பண்ணுவது, பொம்பிளையைக் காட்டாமல் தாலி கட்டச் சொல்கிற மாதிரி. சொன்னேன். "முதல் சத்தம் நல்ல நேரத்தில வரவேணும் தம்பி" என்றார்.

வெள்ளி காலமை கராச் கோயில் மாதிரி இருந்தது. ஐயர் வந்தார். பெக்கோவின் முகத்துக்கு மாலை. பொனற்றுக்கு மேலே ஒரு பட்டுத்துணி, ஒரு பக்கம் நிலம் முட்டத் தொங்கியது. நான்கு சில்லுக்கும் கீழே தேசிக்காய். ஊரிலே இஞ்சின் ஒன்று திறந்து கிடந்தால் செத்தவீட்டுக்கு வராதவனும் வந்து எட்டிப் பார்ப்பான்; பூசையும் பொங்கலும் என்றால் சொல்லவா வேண்டும். அண்ணையின் மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர், போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குள்ளே கனடா முழுக்கக் குளிருக்குப் போர்த்துக்கொண்டு இருந்தது.

பூசை தொடங்க முன்னம் நான் கடைசியாக ஒருக்கால் தடவிப் பார்த்தேன். விசிறி பெல்ற் கொஞ்சம் தொய்வாக இருந்தது. இரவு இறுக்கின நட்டு இளகியிருக்க வேண்டும்.

"மச்சான், பெல்ற்றை ஒருக்கால் இழுத்துவிட்டுத்தான் ஸ்ராட் பண்ணவேணும்."

"பூசை முடியட்டும் அத்தான்."

"இப்பவே."

நான் பற்றரிக் கம்பியைக் கழற்றினேன். அவன் முகட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். பிறகு பட்டுத்துணி தொங்கிய பக்கத்தால் போய்க் குந்தி, கையை உள்ளே விட்டு நட்டைப் பிடித்தான். பெல்ற்றை நெம்பி இழுக்க ஒரு இரும்பு வேண்டும். அதை எடுக்க நான் பின்பக்கம் போனேன்.

அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ஐயர் தீபம் காட்டிவிட்டார். மணி கிலுகிலுத்தது. யாரோ போனில் நாதஸ்வரம் போட்டார்கள். "அண்ணை, நேரம் முடியப்போகுது, பேந்து ராகுகாலம்" என்று கூட்டத்தில் ஒரு குரல். நான் திரும்பிப் பார்க்கிறேன், கனடா அண்ணை பெக்கோவின் ஆசனத்தில் இருக்கிறார். கையில் வேல் தொங்குகிற வளையத்தில் அவருடைய சொந்தத் திறப்பு. என் பொக்கற்றுக்குள் நான் வைத்திருந்த திறப்பு என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது.

"அண்ணை, வேண்டாம், கை உள்ளுக்குள்ளை கிடக்கு" என்று கத்தினேன். மணிச் சத்தத்துக்குள் அது மங்களவாத்தியத்தோடு சேர்ந்து போயிற்று. அண்ணை கண்ணை மூடினார். முருகா என்றார். திறப்பைத் திருப்பினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

இன்னொருதரம் திருப்பினார். ஒரு 'டிக்' கூட இல்லை. மணி நின்றது. போனுக்குள் இருந்து ஒரு பிள்ளையின் குரல் மட்டும் வந்தது.

"அப்பா, சத்தம் வரேல்லை. மியூட்டிலை கிடக்கு."

பட்டுத்துணியை விலக்கிக்கொண்டு மச்சானின் தலை வெளியே வந்தது. "ஆர் மேலை?" என்று கேட்டான். ஆசனத்தில் அண்ணையைக் கண்டான். அவர் கையில் திறப்பைக் கண்டான். தன்னுடைய வலக்கையை மெல்ல வெளியே எடுத்தான். கிறீஸ் பூசின ஐந்து விரல். அதை ஒருதரம் திருப்பிப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்த நிறத்தை நான் அதற்கு முதல் பழைய சாம்பலில்தான் கண்டிருக்கிறேன்.

அக்கா மட்டும் அந்தக் கையைக் கண்டார். போனைக் கவிழ்த்துப் பிடித்து, "ஐயோ தம்பி" என்றார், அவ்வளவு மெதுவாக.

மற்றவர்களுக்கு வேறு கவலை. "அபசகுனம்" என்றது ஒரு குரல். "பற்றரிக் கம்பியைப் பூட்ட மறந்திட்டாராம்" என்றது இன்னொன்று. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று சந்தோசப்படுவதுதான் உலக வழக்கம். எங்கள் ஆக்கள் அன்றைக்குத் தலைப்பாகைக்காக அழுதார்கள். அண்ணையின் முகம் கோபத்தில் பழுத்திருந்தது.

"தம்பி, நேரம் போட்டுது. கெதியாக் கம்பியைப் பூட்டும்."

"பூட்டமாட்டன் அண்ணை."

"என்ரை மெசின்."

"ஓம். கை என்ரை மச்சான்ரை."

"அப்ப நான் வேற கராச்சுக்குக் கொண்டு போறன்."

"கொண்டு போங்கோ. பெல்ற் இறுக்கினாப் பிறகு."

கூட்டம் பொங்கலை மறந்து எங்களைப் பார்த்தது. நான் கையை நீட்டினேன்.

"அண்ணை, அங்கை பூட்டினவன்ரை பொக்கற்றிலைதானே திறப்பு இருக்கும் எண்டனீங்கள்?"

அண்ணை என் கையைப் பார்த்தார். பட்டுத்துணியைப் பார்த்தார். அது தொங்கிய இடத்தைப் பார்த்தார். அங்கே இன்னமும் குந்தியிருந்த மச்சானைப் பார்த்தார். கனடாவில் கனகாலம் வேலை செய்த அந்த மனிசன் ஒரு நொடி அவர் கண்ணுக்குள் வந்து போனதைக் கண்டேன். திறப்பை வேலோடு சேர்த்து என் கையில் போட்டார். "பிடியும்" என்றார். இறங்கி, வார் அறுந்த செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். ஐயர் போனில் பஞ்சாங்கம் பார்த்து, மத்தியானத்துக்குப் பிறகும் ஒரு நல்ல நேரம் இருக்கிறது என்று சொல்லி வைத்தார். பஞ்சாங்கத்தில் எப்போதும் இன்னொரு நல்ல நேரம் இருக்கும். விரலுக்குத்தான் இல்லை.

எல்லோரும் போன பிறகு பெல்ற்றை இறுக்கினோம். மச்சான் நட்டை இரண்டுதரம் இறுக்கிப் பார்த்தான். முடிந்ததும் கையை எடுத்து, "ஓம், கை வெளியிலை" என்று நான் கேட்காமலே சொன்னான். கம்பியைப் பூட்டி நான் ஸ்ராட் பண்ணினேன். சுத்த ராகுகாலம். ஒரு சுற்றிலேயே இஞ்சின் பிடித்தது. ஒழுக்கு இல்லை, கறுப்புப் புகை இல்லை, சூடு நின்ற இடத்தில் நின்றது. நிற்பாட்டி, துணியைத் திரும்பவும் போட்டு, மாலையை நேராக்கி, ஒன்றும் தெரியாத பிள்ளைகள் மாதிரி இருந்தோம்.

மத்தியானத்துக்குப் பிறகு அண்ணை வந்து முறைப்படி முதல் சத்தம் எழுப்பினார். நடுச்சாமத்தில் முழித்திருந்து கனடா கைதட்டியது. பெக்கோ இன்றைக்கும் வட்டுக்கோட்டைப் பக்கம் அத்திவாரம் கிண்டிக்கொண்டு திரிகிறது. நல்ல நேரத்தில் தொடங்கினபடியால்தான் இவ்வளவு நல்லாக ஓடுகிறது என்று அண்ணை காண்கிறவர்களுக்கெல்லாம் சொல்கிறார். முதல் நேரம் தவறினதற்கு, பயந்தாங்கொள்ளி கம்பியைப் பூட்ட மறந்ததுதான் காரணம் என்றும் சொல்கிறார். ஆனால் ஒயில் மாற்ற வந்தால், நான் கேட்க முதலே வேல் வளையத்தைக் கழற்றி என் மேசையில் வைத்துவிட்டுத்தான் கதிரையில் இருப்பார். வாய் ஒன்று சொல்லும், கை ஒன்று செய்யும். அப்படிப்பட்ட ஆக்களில் கையை நம்பலாம்.

மச்சான் திருந்திவிட்டான் என்று எழுத எனக்கும் ஆசைதான். அந்த ஞாயிறு பின்னேரம் மாமரத்தின் கீழ் சீட்டுக்கு இருந்தோம். நான் யோசித்து யோசித்துச் சீட்டு இறக்க, எதிர்ப்பக்கம் விளையாடின மச்சான் மற்றவர்களுக்குச் சொன்னான்: "உவர் சீட்டுப் போட முதலும் பற்றரிக் கம்பியைக் கழட்டிப்போட்டுத்தான் போடுவார்." எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்க முன்னம் துரும்பைத் தூக்கி அடித்தான். மேசை அதிர்ந்தது, என் பிளேன்ரீ சரிந்து மடியில் ஊற்றியது.

நான் சீட்டைப் பார்க்கவில்லை. மேசையில் விரிந்து கிடந்த விரல்களைத்தான் பார்த்தேன். நகக்கண்ணில் கிறீஸ் கறுப்பு இன்னமும் போகவில்லை.

"என்ன அத்தான் பாக்கிறியள்? தோத்துப் போனியள்."

"ஓமடாப்பா" என்றேன். "திருப்பிச் சீட்டைப் போடு. இன்னொருக்கால் அடி, பாப்பம்."