அட்டவணையை வெட்ட மறந்தவர்

நெப்ராஸ்காவின் அந்தச் சோளக்காட்டு ஊரில், நடுநிலைப் பள்ளி நூலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வெர்னா ஹோலுபுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கலைக்களஞ்சியத்தைக் கையில் எடுத்ததும் கண்டபடி புரட்டும் பிள்ளையைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது.

"காட்டுல தொலைஞ்ச கன்னுக்குட்டி மாதிரி ஏன்டா அலையுற? கடைசித் தொகுதியில எந்தச் சொல் எந்தப் பக்கம்னு அட்டவணை இருக்கு, முதல்ல அதைப் பாரு. அங்க சொன்ன இடத்துல கிடைக்கலைன்னா, 'இதையும் காண்க'ன்னு வேற இடம் போட்டிருக்கும். அங்க போ."

வருடா வருடம் ஏழாம் வகுப்புக்கு இதே பாட்டுதான்.

எழுபத்தொன்றாம் வருட வசந்தத்தில், ஒரு மதிய இடைவேளையில், ஏழாம் வகுப்பு லொரெட்டா ஒரு தொகுதியோடு மேசை முன் வந்து நின்றாள். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"மேடம், அட்டவணையில நானூத்திப் பன்னெண்டுன்னு போட்டிருக்கு. அந்தப் பக்கமே இல்ல."

"யாரு கிழிச்சது? நீயா?"

"இல்ல மேடம்."

வெர்னா புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். பிள்ளைகள் கிழித்தால் பிசிறு இருக்கும். இது அடிக்கோல் வைத்து, பிளேடால், தையலை ஒட்டி வெட்டியது. போனது மாதவிடாய் பற்றிய கட்டுரை. நூலகத்துக்கு இருந்த இன்னொரு சாவி தலைமை ஆசிரியர் ஆமுண்ட்சனிடம்தான். வெர்னாவுக்கு உச்சி கொதித்தது. புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார்.

ஆமுண்ட்சன் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். மறுக்கக்கூட இல்லை.

"நான்தான் வெட்டினேன். பசங்க கூடிக் கூடிச் சிரிக்கிறானுங்க. ஒரு அம்மா போன் பண்ணிக் கத்துறாங்க."

"அட்டவணையை மட்டும் ஏன் விட்டு வச்சீங்க?"

"அதையெல்லாம் யாரு பார்க்குறா?"

"இத்தனை வருஷமா நான் இங்க வேற என்னத்தைக் கிழிச்சிட்டிருக்கேன்னு நெனச்சீங்க?"

"ஊதிப் பெருசாக்காதீங்க வெர்னா. இதெல்லாம் வீட்டுல அம்மா சொல்லித் தர்ற விஷயம்."

"எங்க அம்மா சொல்லல. கோழிக் கொட்டகையில ஒளிஞ்சு உக்காந்துகிட்டு, செத்துப் போகப் போறேன்னு அழுதவ நான்."

சொன்ன பிறகுதான் அந்த வெளுத்த முகம் நினைவுக்கு வந்தது. அந்தப் பிள்ளையைத் திருடி மாதிரி விசாரித்துவிட்டு, அப்படியே நிற்க வைத்துவிட்டு வந்திருக்கிறோமே! வெர்னா தன்னையே திட்டிக்கொண்டு திரும்ப ஓடினார்.

லொரெட்டா அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் வேறொரு தொகுதி. 'இதையும் காண்க' என்று அட்டவணை காட்டிய வழியே போய், வளர்ச்சி பற்றிய கட்டுரையைப் பிடித்துவிட்டாள். ஆமுண்ட்சன் வெட்டியது ஒரே ஒரு தொகுதியைத்தான்.

"மேடம், அப்ப நான் சாக மாட்டேன்ல?"

"மாட்டே கண்ணு. எப்பலேருந்து இப்படி?"

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுலேருந்து."

அன்று வியாழன். வெர்னா தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவள் இடுப்பில் கட்டிவிட்டு, நர்ஸ் அறைக்குத் தானே கூட்டிப் போனார். ஒரு மனிதரின் கூச்சத்துக்காக ஒரு குழந்தை நாள் கணக்கில் சாவை நினைத்துக்கொண்டு பள்ளிக்கு வந்து போயிருக்கிறது.

மறுநாள் ஏழாம் வகுப்பு முழுவதற்கும், பையன்கள் உட்பட, தேடிப் பார்க்க அவர் கொடுத்த சொல் 'மாதவிடாய்'. விஷயம் காதுக்கு எட்டி ஆமுண்ட்சன் கதவோரம் வந்து நின்றார்.

முன்வரிசைப் பையன் ஒருவன் எழுந்தான். "மேடம், இந்தப் பக்கத்தைக் காணோம். யாரோ வெட்டியிருக்காங்க. ஏன் மேடம்?"

"அதுக்குப் பதில் புத்தகத்துல இல்ல," என்றார் வெர்னா. "வெட்டினவர் கதவுகிட்ட நிக்கிறார். போய்க் கேளு."